பதிவில் பிடிபடாத கச்சேரி: 1974-ன் ஒலிச்சுவர்

பீட்டில்ஸ் குழு 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பாடியபோது 55,600 பேர் வந்திருந்தார்கள். பாட்டு யார் காதிலும் ஒழுங்காக விழவில்லை. மேடையில் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்கள். குரலுக்கு, பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்பு செய்வதற்காக மைதானத்தில் மாட்டியிருந்த ஸ்பீக்கர்கள். கூச்சல் அத்தனையையும் விழுங்கிவிட்டது. பாடியவர்களுக்கே தாங்கள் பாடுவது கேட்கவில்லை. இன்று அந்தக் கச்சேரியை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர், அன்று டிக்கெட் எடுத்துப் போனவரைவிட அதிகம் கேட்கிறார்.

நேரில் கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று ரசிகர்கள் ஏங்கும் கச்சேரிகள் பலவற்றுக்கு இப்படி ஓர் ஆறுதல் இருக்கிறது. 1974 மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு நடத்திய கச்சேரிகளுக்கு அது கிடையாது. டேப்புகள் ஏராளமாக உண்டு. ஒவ்வொரு கச்சேரியும் ஏதோ ஒரு வடிவில் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆண்டின் பெருமை குழுவுக்குப் பின்னால் மூன்று மாடி உயரத்துக்கு எழுந்து நின்ற ஸ்பீக்கர் சுவரில் இருந்தது. அதிலிருந்து வந்த ஒலி, கேட்பவர் மைதானத்தில் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதை இரண்டு டிராக் டேப்பில் அடைக்க வழியில்லை. போயிருந்தால்தான் உண்டு என்று முழு அர்த்தத்தில் சொல்லக்கூடிய கச்சேரிகள் எனக்குத் தெரிந்து இவைதான்.

முதலில், எந்தச் சிக்கலைத் தீர்க்க அந்தச் சுவரைக் கட்டினார்கள் என்று பார்ப்போம். வழக்கமான மைக் செட்டில் எல்லா மைக்குகளும் ஒரு மிக்சருக்குப் போகும். அங்கே கலந்த ஒலி, மேடைக்கு இரு பக்கமும் பாடகருக்கு முன்னால் அடுக்கிய பாக்ஸ்கள் வழியாகக் கூட்டத்துக்குப் போகும். பாடுகிறவர் அந்தப் பாக்ஸ்களுக்குப் பின்னால் நிற்கிறார். அவருக்கு வருவது கூடத்தின் பின்சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி மட்டும். அதனால் அவரைப் பார்த்தபடி காலடியில் மானிட்டர் என்ற தனி ஸ்பீக்கரை வைக்கிறார்கள். மானிட்டரின் ஒலி மறுபடி மைக்கில் ஏறுகிறது, அது மறுபடி மானிட்டருக்குப் போகிறது, மைக் கூவுகிறது. கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் "மானிட்டரைக் கூட்டுங்க" என்று கேட்ட மறுநிமிடம் காதைப் பொத்திக்கொண்டவர்களுக்கு இது புதிதில்லை.

இன்னொரு சிக்கல் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. எல்லா வாத்தியமும் ஒரே ஸ்பீக்கரில் வரும்போது, ஒரே காகிதக் கூம்பு பேஸ் கித்தாருக்காக மெதுவாக முன்னும் பின்னும் போய்க்கொண்டே, குரலுக்காகவும் வேகமாக அதிர வேண்டும். எந்தக் கூம்பும் இரண்டையும் பிசகில்லாமல் செய்வதில்லை. நொடிக்கு 60 முறை அதிரும் ஒலியும் (60 ஹெர்ட்ஸ்) 1,000 ஹெர்ட்ஸ் ஒலியும் சேர்ந்து போனால், 940-லும் 1,060-லும் யாரும் வாசிக்காத இரண்டு ஸ்வரங்கள் முளைக்கும். வாத்தியங்கள் கூடக்கூட இந்தக் களையும் பெருகும். சத்தம் ஏறினால் இசை சேறாகிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்கு இடைப்பண்பேற்றச் சிதைவு என்று பெயர்.

கிரேட்ஃபுல் டெட்டின் ஒலி ஆள் ஆவ்ஸ்லி ஸ்டான்லி. எல்.எஸ்.டி. என்ற போதைப் பொருளைத் தயாரித்துச் சிறைக்குப் போய் 1972-ல் திரும்பி வந்தவர். ஒலி விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதவர். மைக் செட் முழுவதையும் குழுவுக்குப் பின்னால் வைக்க வேண்டும், கூட்டம் கேட்பதையே வாசிப்பவரும் கேட்க வேண்டும், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர் என்பது அவருடைய யோசனை. மானிட்டர் தேவையில்லை, ஒன்றோடொன்று கலக்காததால் மேலே சொன்ன களையும் முளைக்காது. இதை வேலையாக்கியவர்கள் டான் ஹீலி, மார்க் ரைசீன், ஜான் கர்ல், அலெம்பிக் பட்டறையின் ரான் விக்கர்ஷாம், ரிக் டர்னர் முதலானோர்.

முதல் பெரிய முயற்சி பொசுங்கிப் போனது. 1973 பிப்ரவரி 9 அன்று ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் மேப்பிள்ஸ் பெவிலியனில் புதிய ட்வீட்டர்களோடு, அதாவது மேல் ஸ்தாயிக்கான சிறிய ஸ்பீக்கர்களோடு, மேடை ஏறினார்கள். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை விட்டுக் கூடத்தை அளந்து, ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைச் சரிசெய்து, எல்லாம் தயாராக இருந்தது. வாசிக்கத் தொடங்கியதுமே ட்வீட்டர்கள் கருகிவிட்டன. ட்வீட்டரின் சுருளில் இருப்பது தலைமுடி போன்ற மெல்லிய கம்பி. சோதனை இரைச்சல் சீரானது. டிரம்மின் ஒரு அடியோ அதைவிடப் பல மடங்கு உச்சத்துக்கு ஒரு நொடிக்குள் போய்த் திரும்பும். அந்த உச்சத்தில் ஆம்ப் திணறி அலையின் தலையைச் சீவிவிட்டால், சீவிய விளிம்பிலிருந்து பிறக்கும் கூர்மையான மேல் அதிர்வுகள் நேராக ட்வீட்டருக்குத்தான் போகும். தேவையைவிட மிக அதிகமாக ஆம்பும் ஸ்பீக்கரும் வைத்து, எதையும் அதன் எல்லைக்கு அருகே ஓட்டாமலிருப்பதுதான் இதற்கு மருந்து. பிறகு எழுந்த சுவரின் பிரம்மாண்டத்துக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

1974 மார்ச் 23, சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியின் கௌ பேலஸ் அரங்கு. ஒலிச் சோதனை என்றே விளம்பரம் செய்து சுவரை முழு அளவில் நிறுத்தினார்கள். மாதத்துக்கு மாதம் கூட்டியும் குறைத்தும் வந்ததால் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு பட்டியலிலும் கொஞ்சம் மாறும், 600-க்குக் குறையாது. பெரும்பாலும் ஜேபிஎல் ஸ்பீக்கர்கள், ட்வீட்டர்கள் எலக்ட்ரோ-வாய்ஸ். ஓட்டியவை மெக்கின்டாஷ் எம்சி-2300 ஆம்ப்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 58 கிலோ. மொத்தச் சக்தி 26,400 வாட் என்று அப்போது சொன்னார்கள். இன்றைய ஸ்டேடியம் கச்சேரிகளின் கணக்கில் இது சிறிய எண். ஆனால் அந்தச் சக்தி பங்கிடப்பட்ட விதத்தைப் பாருங்கள். ஜெர்ரி கார்சியாவின் கித்தார் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் என்ற கித்தார் ஆம்பின் முன்பகுதி வழியாகப் போய், ஒரு மெக்கின்டாஷில் ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இருபது 12 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் போனது. 600 வாட்டை இருபதால் வகுத்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 30 வாட். அதைவிட எவ்வளவோ தாங்கக்கூடியவை அவை. எதுவும் திணறவில்லை. அதனால்தான் அந்தச் சத்தத்திலும் காது எரியவில்லை என்று போனவர்கள் சொல்கிறார்கள்.

பாப் வியரின் கித்தாருக்கும் அதேபோல் இருபது. கீத் காட்ஷோவின் பியானோவுக்கு, கம்பிகளிலிருந்தே ஒலியை எடுக்கும் பிக்கப்பும் தனி ஸ்பீக்கர் கூட்டமும். பில் க்ரூட்ஸ்மனின் டிரம்ஸ் மூன்று தடங்களாகப் பிரிந்தது. குரல்களுக்கு நடுவில், டிரம்ஸுக்கு மேலே தொங்கிய வளைந்த கொத்து. குரலைக் கீழிருந்து மேல் ஸ்தாயி வரை நான்கு பட்டைகளாகப் பிரித்து 15 அங்குலம், 12 அங்குலம், 5 அங்குலம், ட்வீட்டர் என்று அனுப்பினார்கள். மொத்தம் பதினொரு தனித் தடங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு வியப்பாக இருப்பது ஃபில் லெஷின் பேஸ். முப்பத்தாறு 15 அங்குல ஸ்பீக்கர்கள், பதினெட்டு பதினெட்டாக இரண்டு தூண்கள். அலெம்பிக் செய்து கொடுத்த கித்தாரில் நான்கு கம்பிகளுக்கும் தனித்தனி பிக்கப். ஒரு பொத்தானைத் தட்டினால் ஒவ்வொரு கம்பியும் தனக்கென்று உள்ள ஸ்பீக்கர்களுக்குப் போகும். ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குத் தாவும்போது ஸ்வரம் மேடையில் இடம் மாறி ஒலிக்கும். பேஸின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். தூணின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் அவ்வளவு கீழான ஒலியும் மேலும் கீழும் அதிகம் சிதறாமல் கூட்டத்தை நோக்கிப் போனது.

ஏன் தூண்? ஒரு தனிப் பாக்ஸிலிருந்து வரும் ஒலி எல்லாத் திசையிலும் விரிவதால், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். உயரமான தூணிலிருந்து வரும் ஒலி மேலும் கீழும் அதிகம் சிதறாது; பக்கவாட்டில் மட்டும் விரியும். அதனால் தூரம் இரட்டித்தால் 3 டெசிபல்தான் குறையும். முதல் ஆள் 10 மீட்டரிலும் கடைசி ஆள் 160 மீட்டரிலும் நின்றால் இடையே நான்கு இரட்டிப்பு. பாக்ஸானால் 24 டெசிபல் இழப்பு, தூணானால் 12. முன்வரிசையின் காதைக் கிழிக்காமல் பின்வரிசைக்குக் கொண்டு போகலாம். ஆனால் இந்தச் சலுகைக்கு ஓர் எல்லை உண்டு. 9 மீட்டர் தூணுக்கு, 1,000 ஹெர்ட்சில் ஏறக்குறைய 118 மீட்டர் வரை இது செல்லும். 100 ஹெர்ட்சில் 12 மீட்டரைத் தாண்டாது. தூரம் போகப்போகக் கீழ் ஒலி முதலில் மெலியும். பேஸுக்கு அவ்வளவு ஸ்பீக்கர் வைத்ததன் நியாயம் இங்கேயும் தெரிகிறது. சுவரின் ஒலி 600 அடி வரை தெளிவாக இருக்கும், கால் மைல் வரை கேட்கும்படி இருக்கும், அதற்கு மேல் காற்று கலைத்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு.

இப்போது பெரிய கேள்வி. அறுநூறு ஸ்பீக்கர்கள் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நின்று நேராக மைக்கைப் பார்த்து ஒலிக்கின்றன. கூவாமல் எப்படி இருக்கும்? ஒவ்வொரு பாடகருக்கும் ஒரே தன்மையுள்ள இரண்டு மைக்குகளை மேலும் கீழுமாக, 60 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தார்கள். ஒன்றின் மின் இணைப்பு மற்றதற்கு நேர் எதிர். இரண்டையும் கூட்டும்போது, இரண்டிலும் சமமாக விழுந்த ஒலி அடித்துப் போகும். பின்னாலிருந்து வரும் சுவரின் ஒலி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுகிறது, அது போய்விடும். பாடகர் மேல் மைக்கில் உதட்டை வைத்துப் பாடுகிறார். அவர் குரல் மட்டும் மிஞ்சும்.

உதட்டை வைத்து என்பதற்குக் கணக்கு உண்டு. வாய் மேல் மைக்கிலிருந்து 1 சென்டிமீட்டரில் இருந்தால், கீழ் மைக்குக்கு 6 சென்டிமீட்டர் சொச்சம். அதில் ஆறில் ஒரு பங்கு ஒலிதான் விழும். கழித்தபின் குரலில் பெரும்பகுதி தங்கும். 5 சென்டிமீட்டர் தள்ளினால் மேல் மைக்குக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். 30 சென்டிமீட்டர் தள்ளினால் நூற்றில் இரண்டு. அதுவும் எல்லா ஸ்தாயியும் சமமாகக் குறையாது. கீழ் ஸ்தாயியில் கழித்தல் கச்சிதமாக நடக்கும். மேல் ஸ்தாயியில் அலைநீளம் சிறியது என்பதால் சிறிய தூர வித்தியாசத்துக்கே கழித்தல் பிசகி, கொஞ்சம் தங்கிவிடும். விளைவு, பாடகர் முகத்தைச் சற்றுத் திருப்பினாலே குரல் சன்னமாகி, அடிவயிற்றை இழந்து, மூக்கால் பாடுவதுபோல் ஆகிவிடும். ஆடியபடி பாட முடியாது. குழுவின் பாடகி டோனா ஜீன் காட்ஷோவின் குரல் 1974 டேப்புகளில் சில இடங்களில் எட்டாமல் போவதைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரின் மிகப் பலவீனமான இடம் குரல்தான்.

வேறு குறைகளும் இருந்தன. ஒவ்வொரு வாத்தியமும் மேடையில் தன் இடத்திலிருந்து மட்டுமே ஒலித்ததால், மைதானத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு அந்தப் பக்கத்துத் தூண் முந்தும், எதிர்ப்பக்கத்து வாத்தியம் பின்தங்கும். வால்யூமை வாசிப்பவர்களே வைத்துக்கொண்டார்கள். கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கலந்து சமன்செய்யும் வழக்கமான மிக்சர் ஆள் இல்லை. ஒருவர் கொஞ்சம் கூட்டிவிட்டால் அடுத்தவரும் கூட்டுவார். ஆனால் நடுவில், மேடையிலிருந்து அறுபது எழுபது மீட்டரில் நின்றவருக்குக் கிடைத்தது வேறு எந்த மைக் செட்டிலும் கிடைக்காதது. கார்சியா இடம் மாறாமல் ஓர் இடத்திலிருந்து வாசிக்கிறார், பியானோ இன்னோர் இடத்திலிருந்து பதில் சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் வெறும் காற்று.

அந்தத் தெளிவு வாசிப்பையே மாற்றியது. ஒருவர் மெல்ல இழுக்கும் ஸ்வரமும் மற்றவருக்குக் கேட்டதால் பாட்டுகள் நீண்டன. 1974 மே 21, சியாட்டிலில் ஒரே பாட்டை 46 நிமிடத்துக்கு மேல் விரித்தார்கள். அவர்களுடைய முப்பது ஆண்டு மேடை வாழ்க்கையில் நடுவில் வேறு பாட்டுக்குத் தாவாமல் அவ்வளவு நீளமாக வேறெதையும் வாசித்ததில்லை. ஜூன் கடைசியிலிருந்து லெஷும் மின்னணு இசைக்காரர் நெட் லாகினும் இடைவேளையில் மின்னணு ஒலிகளை மட்டும் வைத்து அந்தச் சுவரை உறுமவிட்டார்கள். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு, சுவரின் முழு வீச்சையும் அளந்து பார்த்த தருணங்கள் அவை.

இவ்வளவையும் ஊர் ஊராகக் கொண்டு போக வேண்டும். 75 டன், நான்கு பெரிய டிரெய்லர் லாரிகள், 21 பணியாளர்கள். மேடையும் சாரமும் இரண்டு செட். ஒன்றில் கச்சேரி நடக்கும்போதே மற்றது அடுத்த ஊருக்குப் போய் எழுந்துகொண்டிருக்கும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடைக்குப் பிறகு டீசல் விலை ஏறியிருந்த காலம். லாரிச் செலவுக்காகப் பெரிய அரங்குகளில் வாசிக்க வேண்டியிருந்தது. பெரிய அரங்கு மேலும் பெரிய கூட்டத்தையும் செலவையும் கொண்டுவந்தது. செப்டம்பரில் லண்டன், மியூனிக், டிஷோன், பாரிஸ் என்று ஐரோப்பாவுக்கும் கொண்டு போனார்கள். அதோடு எல்லோரும் களைத்துப் போனார்கள். அக்டோபர் 16 முதல் 20 வரை சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கில் ஐந்து இரவுகள், படமும் பிடித்தார்கள். அதன் பிறகு குழு நீண்ட ஓய்வுக்குப் போனது. 1976 ஜூனில் மறுபடி சுற்றுப்பயணம் கிளம்பியபோது சுவர் கூட வரவில்லை.

சுவரின் யோசனை சாகவில்லை. உயரமான தூணாக ஸ்பீக்கர்களைத் தொங்கவிடும் லைன் அரே முறை, 1990களின் தொடக்கத்தில் பிரான்ஸின் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த வி-டாஸ்க் என்ற செட் மூலம் உலகெங்கும் பரவியது. சென்னையின் பெரிய திறந்தவெளிக் கச்சேரிகளில் மேடைக்கு இரு பக்கமும் வாழைத்தார்போல் வளைந்து தொங்குபவை அதே இனம். ஆனால் அவற்றில் எல்லா வாத்தியமும் கலந்துதான் வருகிறது. வாத்தியத்துக்கு ஒரு தூண் என்பதை அந்த அளவில் யாரும் பிறகு தொடரவில்லை. 2021 அக்டோபரில் சதபீஸ் ஏலத்தில், கார்சியாவின் கித்தாரை ஓட்டிய மெக்கின்டாஷ் ஆம்ப் 3,78,000 டாலருக்குப் போனது.

டேப்பில் கேட்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மேடையில் கலவை என்று ஒன்று இல்லாததால், 1974-ன் டேப்புகள் பெரும்பாலும் தனியாக ஒருவர் அவ்விடத்திலேயே இரண்டு டிராக்கில் கலந்தவை. வாத்தியங்கள் அபாரமாக வரும். குரல் உலர்ந்தும் சில சமயம் அடங்கியும் இருக்கும். கூட்டத்தின் நடுவே மைக் வைத்து ரசிகர்கள் எடுத்தவற்றில் கைதட்டலும் பேச்சும் கூட வரும், ஆனால் இடத்தின் அகலம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஒரே தேதிக்கு இரண்டும் கிடைத்தால் இரண்டையும் கேளுங்கள். சியாட்டிலின் அந்த 46 நிமிடத்தை ஹெட்ஃபோனில், கார்சியாவை விட்டுவிட்டு, பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு முறை கேளுங்கள். அவ்வளவு பெரிய மேடையில் காட்ஷோவின் இடது கை வாசிப்பது ஒவ்வொரு ஸ்வரமாக எண்ணும்படி இருக்கிறது. விண்டர்லாண்ட் இரவுகளின் குரலுக்கு, படத்துக்காகப் பல டிராக்கில் எடுத்து 1977-ல் வெளிவந்த வடிவமே மேல்.